இரவல் ஊரில் வென்ற கோப்பை

விளையாட்டில் சொந்த ஊர் ஆட்டம் என்று ஒன்று உண்டு. பந்து அதேதான், விதிகளும் அதேதான். ஆனாலும் நம் ஊரில், நம் ஜனங்கள் கூச்சல் போட ஆடும்போது காலில் ஒரு துள்ளல் வந்துவிடும். எதிரணிக்காரன் பந்தை எடுத்தால் அரங்கமே ஊளையிடும். நடுவர்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் விசில் ஊதுவார். அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒரு ஆட்டம் உன் ஊரில், ஒரு ஆட்டம் என் ஊரில் என்று முறை வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொந்த ஊரே இல்லாமல் போனால்? 2009இல் லாகூரில் இலங்கை அணியின் பேருந்து தாக்கப்பட்ட பிறகு, பாகிஸ்தான் கிரிக்கெட் அணி பல வருடங்கள் தன் 'உள்ளூர்' ஆட்டங்களைத் துபாயிலும் அபுதாபியிலும் ஆடியது நினைவிருக்கும். அதற்குப் பதினெட்டு வருடங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு கூடைப்பந்துக் கழகத்துக்கு இதே நிலை வந்தது. கழகத்தின் பெயர் பார்டிசான், ஊர் பெல்கிரேடு. 1991–92ஆம் ஆண்டுப் பருவத்தை அவர்கள் ஸ்பெயினில் இரவல் வாங்கிய ஒரு அரங்கில் ஆடினார்கள். அந்த வருடம் ஐரோப்பாவின் தலைசிறந்த கழகம் என்ற பட்டத்தையும் வென்றார்கள்.

கேட்பதற்குச் சினிமாக் கதை மாதிரி இருக்கும். ஆனால் இதில் சந்தோஷம் பாதி, துக்கம் பாதி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

டிட்டோவின் நாடு

நம் வயதுக்காரர்களுக்கு யூகோஸ்லாவியா என்றதும் மார்ஷல் டிட்டோதான் நினைவுக்கு வருவார். நேரு, நாசர், டிட்டோ என்று மூன்று பேரும் நிற்கும் படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. செர்பியா, குரோவேஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா, மாசிடோனியா, மாண்டினீக்ரோ என்ற ஆறு குடியரசுகளைக் கட்டி ஒரு நாடாக வைத்திருந்தார் அவர். 1980இல் அவர் காலமானார். கட்டியிருந்த கயிறு அதன் பிறகு ஒவ்வொரு புரியாக அவிழத் தொடங்கியது.

அந்த நாட்டுக்கு ஒரு விசேஷம் இருந்தது: கூடைப்பந்து. இந்த ஆட்டத்தில் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் சமமாக நின்றவர்கள் இவர்கள். ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன் கோப்பை 1958இல் தொடங்கியது. யூகோஸ்லாவியக் கழகங்கள் அதை வென்ற வரிசையைப் பாருங்கள். 1979இல் சரயேவோவின் போஸ்னா. 1985, 1986இல் ஜாக்ரெபின் சிபோனா. 1989, 1990, 1991 என்று தொடர்ந்து மூன்று முறை, கடலோர ஊரான ஸ்பிளிட்டின் அணி. 1992இல் பெல்கிரேடின் பார்டிசான். நான்கு ஊர்கள், ஏழு கோப்பைகள். அந்த நான்கு ஊர்களும் இன்றைக்கு மூன்று தனித்தனி நாடுகளில் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் ஊர் வித்தியாசம் பெரிதாகப் பார்க்கப்படவில்லை. குரோவேஷியாவின் ஸ்பிளிட் அணிக்கு முதல் இரண்டு கோப்பைகளை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் போஜா மால்கோவிச், பெல்கிரேடிலிருந்து போனவர். தேசிய அணியில் எல்லாக் குடியரசுக்காரர்களும் கலந்தே இருந்தார்கள். அந்த அணி 1990இல் உலக சாம்பியன்.

1991 ஜூன் மாதம் ரோமில் ஐரோப்பிய நாடுகளுக்கான போட்டி நடந்துகொண்டிருந்தது. நடுவில், ஜூன் 25ஆம் தேதி, ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் தனி நாடாக அறிவித்துக்கொண்டன. அணியில் யூரி ஸ்தோவ்ட்ஸ் என்ற ஸ்லோவேனியர் இருந்தார். இனி அந்த அணிக்கு ஆடக் கூடாது என்று அவருடைய அரசு சொல்லிவிட்டது. அரையிறுதிக்கு முன்பே அவர் பெட்டியைக் கட்டினார். மீதமிருந்தவர்கள் ஆடித் தங்கம் வென்றார்கள். ஒன்றாக இருந்த யூகோஸ்லாவியா வென்ற கடைசித் தங்கம் அதுதான்.

கழகமும் அதன் பெயரும்

பார்டிசான் 1945இல் யூகோஸ்லாவிய ராணுவத்தின் விளையாட்டுச் சங்கமாகத் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களை எதிர்த்து மலைகளில் மறைந்திருந்து போராடிய டிட்டோவின் கெரில்லாப் படையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 1991 இலையுதிர் காலத்தில் அதே ராணுவம் குரோவேஷியாவின் வுகோவார், துப்ரோவ்னிக் நகரங்கள் மேல் குண்டு வீசிக்கொண்டிருந்தது. நவம்பரில் வுகோவார் வீழ்ந்தது. ஸ்பிளிட் மேலும் கடலிலிருந்து குண்டுகள் விழுந்தன. இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

கூடைப்பந்தின் சர்வதேசக் கூட்டமைப்புக்கு ஃபிபா என்று பெயர். கால்பந்தின் ஃபிஃபாவுக்கும் இதற்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். சண்டை நடக்கும் இடத்துக்கு மற்ற நாட்டு அணிகளை அனுப்ப முடியாது என்று ஃபிபா முடிவு செய்தது. பார்டிசான் மட்டுமல்ல, சிபோனாவும் ஸ்பிளிட் அணியும் தங்கள் உள்ளூர் ஆட்டங்களை வெளிநாட்டில்தான் ஆட வேண்டும். மூவருமே ஸ்பெயினுக்குப் போனார்கள். ஸ்பிளிட் அணி வடமேற்கு மூலையில் உள்ள லா கொருன்யாவுக்கு, சிபோனா தெற்கே காடிஸ் பக்கத்தில் உள்ள புவேர்ட்டோ ரியாலுக்கு, பார்டிசான் மாட்ரிட் அருகே உள்ள ஃபுயன்லாப்ராடாவுக்கு. சொந்த நாட்டில் ஒருவரையொருவர் பார்க்க முடியாதவர்கள், ஒரு அந்நிய நாட்டின் மூன்று மூலைகளில் வாடகைக்குக் குடியிருந்தார்கள்.

வந்தேறிகளின் ஊர்

ஃபுயன்லாப்ராடா மாட்ரிட் நகரத்துக்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. 1960களில் அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமம். தொழிற்சாலைகள் வந்தன. நாட்டின் ஏழை மாகாணங்களிலிருந்து ஜனங்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. இருபது வருடத்தில் மக்கள்தொகை லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக ஒரு விளையாட்டு அரங்கமும் 1991இல் வந்தது. அமெரிக்க என்.பி.ஏ. போட்டிகளில் ஆடிய முதல் ஸ்பானியரும், 1989இல் கார் விபத்தில் இறந்துபோனவருமான பெர்னாண்டோ மார்ட்டினின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அரங்கம் தயார், ஆனால் ஊரில் அதற்கேற்ற பெரிய அணி இல்லை. அணி இல்லாத அரங்கமும் அரங்கம் இல்லாத அணியும் சேர்ந்துகொண்டன.

அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பையன்களைத் தங்கள் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டார்கள். பெயர்கள் வாயில் நுழையாது, பாஷை புரியாது. ஆனாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் வந்து கைதட்டினார்கள். பார்டிசான் இருந்த பிரிவில் இரண்டு ஸ்பானியக் கழகங்களும் இருந்தன: மாட்ரிட்டின் எஸ்டுடியான்டெஸ், பார்சலோனா பக்கத்து ஊரான படலோனாவின் ஜுவென்டுட். அவர்கள் ஆட வந்தபோதும் ஃபுயன்லாப்ராடா ஜனங்கள் பார்டிசான் பக்கமே நின்றார்கள். தன் நாட்டு அணிக்கு எதிராக, வெளிநாட்டு விருந்தாளிக்காகக் கத்திய கூட்டம்!

இதற்கு ஏன் என்று எனக்குள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் வேறெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். சொந்த மண்ணை விட்டு வருவது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முப்பத்தொரு வயதுப் பயிற்சியாளர்

அணியின் நிலை என்ன? பெரிய பெயர்கள் இரண்டு வருடம் முன்பே போய்விட்டன. விளாடே டிவாட்ஸ், ஜார்கோ பாஸ்பல்ய் இருவரும் 1989இல் அமெரிக்காவுக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டிய பையன்கள். மற்ற கழகங்கள் அமெரிக்க ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த காலம் அது. பார்டிசானில் ஒரு வெளிநாட்டுக்காரர்கூட இல்லை.

பயிற்சியாளர் நியமனம்தான் இன்னும் ஆச்சரியம். ஜெல்கோ ஒப்ராடோவிச் அப்போது பார்டிசானின் ஆட்டக்காரர். 1991 கோடையில் ரோம் போட்டிக்காகத் தேசிய அணியின் பயிற்சி முகாமில் இருந்தார். கழக நிர்வாகத்தில் இருந்த பழைய நட்சத்திரம் டிராகன் கிச்சானோவிச், பயிற்சியாளராக வருகிறாயா என்று கேட்டார். ஒப்ராடோவிச் முகாமிலிருந்து புறப்பட்டு வந்துவிட்டார். வயது 31. ஒரு நாள்கூடப் பயிற்சியாளராக இருந்ததில்லை. நேற்றுவரை ஒரே அறையில் உடை மாற்றிய பையன்களுக்கு இன்று அவர் ஆசான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. அலெக்சாண்டர் நிகோலிச் என்ற பெரியவரைப் பக்கத்தில் ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். யூகோஸ்லாவியாவில் எல்லோரும் அவரைப் 'பேராசிரியர்' என்றுதான் அழைப்பார்கள். இத்தாலியின் வரேசே அணிக்கு 1970, 1972, 1973 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர். இளையவர் வண்டியை ஓட்ட, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். ஓய்வு பெற்றவர்களாகிய நமக்கு இந்த ஏற்பாடு பிடிக்காமல் போகுமா?

ஆட்டக்காரர்களில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். பந்தைக் கொண்டுசெல்பவர் சாஷா ஜோர்ஜெவிச், வயது 24. கூடையைக் குறிபார்ப்பதில் சூரர் பிரெட்ராக் டானிலோவிச், வயது 22. இவர் பிறந்தது சரயேவோவில், ஆட்டம் தொடங்கியதும் அங்கேதான். மூன்றாமவர் இவோ நாகிச். குரோவேஷியாவின் ரியேகா ஊரில் பிறந்தவர். இரண்டு பக்கமும் பிணங்கள் விழுந்துகொண்டிருந்த அந்தப் பருவம் முழுவதும் பெல்கிரேடு அணிக்கே ஆடினார். அது எப்பேர்ப்பட்ட நெருக்கடியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இஸ்தான்புல் வரை

போட்டி முறை இதுதான். பதினாறு அணிகள், எட்டெட்டாக இரண்டு பிரிவுகள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடு இரண்டு முறை ஆட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடம் பெற்றவர்கள் காலிறுதிக்குப் போவார்கள். பார்டிசான் தன் பிரிவில் நான்காவதாகத்தான் வந்தது. நூலிழையில் தப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலிறுதியில் எதிரணி, மற்றப் பிரிவில் முதலிடம் பெற்ற இத்தாலியின் பொலோன்யா. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். முதல் ஆட்டம் பார்டிசானின் உள்ளூர் ஆட்டம். இந்த ஒன்றை மட்டும் பெல்கிரேடில் ஆட ஃபிபா அனுமதி கொடுத்தது. அந்தப் பருவத்தில் தன் ஊர் ஜனங்கள் முன்னால் பார்டிசான் ஆடிய ஒரே ஐரோப்பிய ஆட்டம் அதுதான். வென்றார்கள். பொலோன்யாவில் நடந்த இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவதும் அங்கேதான். எதிரி கோட்டைக்குள்ளேயே நுழைந்து வென்றார்கள். வருடம் முழுக்க வெளியூரிலேயே ஆடிப் பழகியவர்களுக்கு இன்னொரு வெளியூர் என்ன பெரிய விஷயம்!

கடைசி நான்கு அணிகள் துருக்கியின் இஸ்தான்புல்லில் கூடின. பார்டிசான், ஜுவென்டுட், எஸ்டுடியான்டெஸ், மிலான். நான்குமே பார்டிசான் இருந்த அதே பிரிவிலிருந்து வந்தவை. ஒருவர் பலவீனம் ஒருவருக்கு அத்துப்படி. ஆட்டம் நடந்த அரங்கத்தின் பெயர் அப்தி இபெக்சி. 1979இல் சுட்டுக் கொல்லப்பட்ட துருக்கியப் பத்திரிகை ஆசிரியர் அவர். அவரைக் கொன்ற அலி அக்ஜாதான் 1981இல் போப்பாண்டவரைச் சுட்டவன்.

ஏப்ரல் தொடக்கத்தில் போர் போஸ்னியாவுக்குப் பரவியது. சரயேவோ முற்றுகை தொடங்கிவிட்டது. பத்து நாள் கழித்து, சரயேவோவில் பிறந்த டானிலோவிச் இஸ்தான்புல்லில் இறுதி ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

அரையிறுதியில் பார்டிசான் மிலானை 82–75 என்று வென்றது. 1992 ஏப்ரல் 16, இறுதி ஆட்டம், எதிரே ஜுவென்டுட். கடைசிவரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிய பத்து விநாடிகூட இல்லாத நிலையில் ஜுவென்டுட்டின் தோமாஸ் ஜோஃப்ரேசா பந்தைக் கூடையில் போட்டார். 70–68. படலோனா ஆதரவாளர்கள் கொண்டாடவே தொடங்கிவிட்டார்கள்.

கோப்ரிவிட்சா பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஜோர்ஜெவிச்சிடம் கொடுத்தார். ஜோர்ஜெவிச் அதைத் தட்டிக்கொண்டே மைதானத்தின் நீளம் முழுக்க ஓடினார். கூடைக்கு அருகே போய்ப் போட்டால் இரண்டு புள்ளி, சமன் ஆகும். 6.25 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி. அவர் மூன்றைத்தான் நினைத்தார். கோட்டுக்கு வெளியே ஓட்டத்திலேயே எம்பி, மேலே விழுந்து தடுக்கப் பார்த்தவனின் கைக்கு மேலாக எறிந்தார். பந்து உள்ளே இறங்கியது. 71–70. ஜுவென்டுட்டுக்கு மிச்சமிருந்த இரண்டு மூன்று விநாடிகளில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்தக் கடைசிப் பத்து விநாடியை யூடியூபில் பலமுறை பார்த்துவிட்டேன். முடிவு தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும், பந்து வளையத்தைத் தொடும்வரை மூச்சு நின்றுதான் வருகிறது. அணியின் 71 புள்ளிகளில் டானிலோவிச் 25, ஜோர்ஜெவிச் 23. சிறந்த ஆட்டக்காரர் விருது டானிலோவிச்சுக்கு. நாட்டு லீக், நாட்டுக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை என்று அந்த வருடம் மூன்றையும் பார்டிசான் வென்றது.

கோப்பைக்குப் பிறகு

வென்றவர் அடுத்த வருடம் வந்து பட்டத்தைக் காக்க வேண்டும், அதுதான் வழக்கம். பார்டிசானுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. மே 30ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை யூகோஸ்லாவியா மீது தடை விதித்தது. வணிகம், விமானம் மட்டுமல்ல, விளையாட்டுக்கும் தடை. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியிலிருந்து அந்த நாட்டு அணி நீக்கப்பட்டு, பதிலாக வந்த டென்மார்க் கோப்பையே வென்றது பலருக்கு நினைவிருக்கலாம். அதே தடைதான் ஐரோப்பியக் கூடைப்பந்து சாம்பியனையும் வீட்டில் உட்கார வைத்தது.

அணி கலைந்தது. ஜோர்ஜெவிச் மிலானுக்குப் போனார், டானிலோவிச் பொலோன்யாவுக்குப் போனார். இருவருமே சில மாதம் முன்பு தோற்கடித்த கழகங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒப்ராடோவிச் 1994இல் ஜுவென்டுட்டின் பயிற்சியாளராக இருந்து, இரண்டு வருடம் முன்பு அவர்கள் கையிலிருந்து தான் பறித்த அதே கோப்பையை அவர்களுக்கே வாங்கிக் கொடுத்தார். கடன் தீர்ந்தது! பிறகு ரியல் மாட்ரிட், கிரேக்கத்தின் பனதினாய்கோஸ், துருக்கியின் ஃபெனர்பாஹ்சே. மொத்தம் ஒன்பது ஐரோப்பியக் கோப்பைகள், வேறெந்தப் பயிற்சியாளரும் எட்டாத உயரம். ஒன்பதாவதை அவர் 2017இல் வென்றது, முதலாவதை வென்ற அதே இஸ்தான்புல்லில்தான்.

தடை தளர்ந்த பிறகு 1995இல் ஏதென்ஸ் நகரில் யூகோஸ்லாவியா திரும்பி வந்து தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் ஜோர்ஜெவிச் மட்டும் 41 புள்ளிகள். வெண்கலம் வென்ற குரோவேஷியர்கள் பதக்க மேடையிலிருந்து இறங்கி நடந்துவிட்டார்கள். நான்கு வருடம் முன்பு ஒரே சட்டை போட்டு ஆடியவர்கள் அந்த இரண்டு அணிகளிலும் இருந்தார்கள்.

அதனால்தான், விளையாட்டு மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்று யாராவது மேடையில் பேசினால் நான் கொஞ்சம் தயங்குவேன். இஸ்தான்புல்லில் விழுந்த அந்த மூன்று புள்ளி ஒரு துப்பாக்கியையும் நிறுத்தவில்லை. சரயேவோ முற்றுகை அதன் பிறகும் ஏறக்குறைய நான்கு வருடம் நீடித்தது. ஒரு கூடைப்பந்து அணியிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் விளையாட்டால் முடிந்த சின்ன காரியம் ஒன்று அந்த வருடம் ஃபுயன்லாப்ராடாவில் நடந்தது. எந்தச் சண்டையிலும் சம்பந்தமில்லாத ஒரு தொழிலாளர் ஊர், வீடு இல்லாமல் வந்த சில பையன்களுக்குத் திண்ணையில் இடம் கொடுத்தது. நீ எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. வாசலில் வந்து நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

1992க்குப் பிறகு இன்றுவரை பழைய யூகோஸ்லாவிய மண்ணின் எந்தக் கழகமும் அந்தக் கோப்பையை வென்றதில்லை. வரிசையில் கடைசியாக இருக்கும் பெயர் பார்டிசான், பெல்கிரேடு. பதிவேட்டில் ஊர்ப் பெயர் போட ஒரு இடம்தான் இருக்கிறது. இன்னொரு இடம் இருந்தால் அதில் ஃபுயன்லாப்ராடா என்றும் எழுதியிருக்கலாம்.